கேட்டாச்சு

மார்ச் 3

பட்டாளத்தாருக்கு,

ஆஸ்பத்திரி காது ரூம்லேர்ந்து ஸ்தோத்திரம். பார்சலைப் பிரிச்சா நீங்க ரிப்பேர் பண்ண காது மிஷின்தான் இருக்கு, உங்களைப் பத்தி ஒரு வரி இல்ல. மிஷினுக்கு நாலு பக்கம் ரிப்போர்ட் எழுதற கைக்கு ‘சாப்பிட்டேன், தூங்கினேன்’னு எழுதினா சுளுக்கிக்குமா?

போன வருஷம் உங்க காதை டெஸ்ட் பண்ணப்போ, சத்தம் கேட்டா கையைத் தூக்குங்கன்னேன். நீங்க தூக்கவே இல்ல. ஆனா காதுல ஒரு கோளாறும் இல்ல. அன்னிலேர்ந்து உங்களை தினம் ஜெபத்துல வெச்சிருக்கேன்.

இதோட ஒரு மிஷின் வருது. ஆளும் உங்க பட்டாளம்தான், ரேடியோ வேலை. குண்டுல ரெண்டு காதும் முக்காவாசி போச்சு. கார்டு உள்ள இருக்கு. பாத்து நல்லா பண்ணிக் குடுங்க.

எங்கம்மா, ‘கல்யாணம் பண்ணிக்காம லெட்டர் எழுதியே கிழவியாயிடு’ங்கறாங்க.

சிஸ்டர்


மார்ச் 9

சிஸ்டர்,

சாப்பிட்டேன். தூங்கல. போதுமா?

கார்டுல பட்டாள நம்பரைப் பாத்தேன். அவனை நாங்க கிளின்னு கூப்பிடுவோம். ரேடியோல சொன்னதைத் திருப்பிச் சொல்றது அவன் வேலை.

என் பொண்டாட்டி காய்ச்சல்ல கிடக்கறான்னு மாமியார் லெட்டர் வந்தப்போ நான் மலை உச்சி போஸ்ட்ல இருந்தேன். அடைமழை. கீழ கேம்ப்ல கிளி. ‘பொண்டாட்டி சீரியஸ், ஆபீசர்கிட்ட லீவு கேளு’ன்னேன். அரை மணி கழிச்சு, ‘லீவு கேட்டியா?’ன்னேன். ‘கேட்டாச்சு’ன்னான். அதோட லைன் செத்துப்போச்சு. மாத்து ஆள் வருவான்னு நாலு நாள் பாதையைப் பாத்துட்டே இருந்தேன். இறங்கி வந்தா ஆபீசர், ‘நீ லீவே கேக்கலையேப்பா’ங்கறார். அதுக்குள்ள அவளைப் புதைச்சாச்சு.

ரெண்டு வருஷமா எனக்கு எந்தச் சத்தமும் மீட்டர்ல ஊசி ஆடற மாதிரிதான். அந்த ‘கேட்டாச்சு’ மட்டும்தான் காதுல கேக்குது.

மிஷின் ரெடி. தனி டப்பால அனுப்பிட்டேன். நல்லாக் கேக்கும். பக்கத்துல கதவு சாத்தினாலே என்னை நினைச்சுப்பான்.

ஜெபம் நீங்க பண்ணுங்க. என் கையில ஸ்க்ரூ டிரைவர் இருக்கு.


மார்ச் 17

பட்டாளத்தாருக்கு,

டப்பா முதல்ல வந்துச்சு, உங்க லெட்டர் மறுநாள்தான் வந்துச்சு.

யாருக்கு மாட்டறதுன்னாலும் முதல்ல என் காதுல வெச்சுப் பாப்பேன். அன்னிக்கு ஆயாம்மா ஸ்டீல் ட்ரேயைக் கீழ போட்டுட்டாங்க. மண்டைக்குள்ள இடி விழுந்துச்சு. அஞ்சு நாளா வலது காதுல விசில். திறந்து பாத்தா, பெரிய சத்தத்தைத் தடுக்கற பூட்டு இல்ல. ஸ்க்ரூ மேல நீங்க வழக்கமா வைக்கற சிவப்பு மெழுகு சீல்.

கிளிக்கிட்ட இதைச் சொல்லல. அந்த மழை நாளைப் பத்தி மட்டும் பேப்பர்ல எழுதிக் கேட்டேன். ‘ஒரே இரைச்சல் சிஸ்டர். கடைசியா “கேட்டியா?”ன்னு ஒரு வார்த்தை வந்துச்சு. லைன் டெஸ்ட் பண்றான்னு நினைச்சு “கேட்டாச்சு”ன்னேன். அவன் லீவு கேக்கச் சொன்னதே அவன் பொண்டாட்டி போனப்புறம்தான் தெரியும். எந்த மூஞ்சியை வெச்சு எழுதறது?’ன்னு அழுதார்.

நீங்க கேட்டது ஒண்ணு, அவர் கேட்டது ஒண்ணு.

என் காதுக்காக நான் அழல. நேரா அவருக்கு மாட்டியிருந்தா, அந்தப் பாவத்தை என் கையாலதானே செஞ்சிருப்பேன்? அதே கையைக் கூப்பித்தான் உங்களுக்காக ஜெபம் பண்றேன்.

மிஷினைத் திருப்பி அனுப்பறேன். சரி பண்ணி அனுப்புங்க. மனசு வரலைன்னா இதுதான் என் கடைசி லெட்டர்.

சிஸ்டர்


மார்ச் 24

சிஸ்டர்னு எழுதி அடிச்சிட்டேன். வேற என்னன்னு எழுதறதுன்னு தெரியல.

படிச்சதும் உங்க மேலதான் கோவம் வந்துச்சு. அவன் மேல இருந்த வெறியைப் பிடிச்சுட்டுத்தான் ரெண்டு வருஷம் நின்னேன். அதை ஒரு பேப்பர்ல எழுதிக் கேட்டு உருவிட்டீங்க. இனி யார் கழுத்தைப் பிடிக்கறது?

ரேடியோல ஒரு விதி இருக்கு. பதில் வந்தா விட்டுடக் கூடாது, ‘திருப்பிச் சொல்லு’ன்னு கேக்கணும். கிளி திருப்பிச் சொல்லியிருப்பான். நான் கேக்கல. கேக்காதவன் நான்தான்.

பூட்டை மாட்டிட்டேன். மாட்டறதுக்கு முன்னாடி என் காதுல வெச்சு, இரும்புத் தகட்டை மேஜை மேல போட்டேன். உங்களுக்கு நான் செஞ்சது எனக்கும் தெரியணும்ல. கண்ணுல தண்ணி நிக்கவே இல்ல. அவளைப் புதைச்ச குழிகிட்ட கூட அழாதவன். காது வலின்னு வெச்சுக்கங்க.

கிளியை மன்னிச்சேன்னு எழுத இன்னும் கை வரல. மிஷின் அவனுக்கு நியாயமா வேலை செய்யும். இன்னிக்கு என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.

உங்ககிட்ட மன்னிப்பு கேட்டேன். கேட்டுச்சா? திருப்பிச் சொல்லுங்க.


ஏப்ரல் 2

வலது காதுல இன்னும் விசில்தான். இடது காதுல கேட்டுச்சு.

திருப்பிச் சொல்றேன்: மன்னிப்பு கேட்டீங்க. குடுத்தாச்சு.

கிளிக்கு இன்னிக்குக் காலையில மாட்டினேன். வழக்கம்போல முதல்ல என் காதுல வெச்சுப் பாத்துட்டுத்தான்.

கீழ ‘சிஸ்டர்’னு போடல. கவனிச்சீங்களா?