கோமதிக்குக் கொடுத்த மாத்திரை

மார்ச் 3, செவ்வாய்

வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. பனியன் கம்பெனியில் செக்கிங் டேபிளுக்கு மேலே ஃபேன் ஓடுவதாகப் பேர். வாய் ஒட்டிக்கொள்கிறது. மாத்திரையின் வேலை.

பக்கத்து டேபிளில் கோமதி சிரிக்கிறாள். அவளுக்கும் அதே ஆரம்ப சுகாதார நிலையம், அதே டாக்டரம்மா, அதே மனச்சோர்வு. எனக்கு அமிட்ரிப்டிலின். அவளுக்கு எஸ்சிடாலோபிராம். பேரைக் கேட்டாலே பெரிய இடத்து மாத்திரை. அவளுக்கு எக்ஸ்போர்ட் பீஸ், எனக்குக் காதர்பேட்டைக் கடைகளில் குவித்துப் போட்டு விற்கிற, பழுதென்று கழித்த செகண்ட்ஸ்.

இரண்டும் ஒரே நோய்க்குத்தான் என்றார் டாக்டரம்மா. எனக்குத் தூக்கமில்லை, தலைவலி வேறு, அதனால் இதுவாம். தூக்கம் வந்துவிட்டது. சிரிப்பு வரவில்லை.

ஊரிலிருந்து மகள் போனில், "எம்மா, ஏன் ஒரு மாதிரி பேசுத?" என்கிறாள். அவளிடம் பழையபடி பேச வேண்டும். அதற்குத்தானே இந்த மாத்திரையெல்லாம்.

வாங்க: தேங்காய் எண்ணெய், சோப்பு, போன் ரீசார்ஜ்.

மார்ச் 5, வியாழன்

கோமதிக்குத் தக்காளிச் சாதம். டிபன் பாக்ஸை வழித்துத் தின்றாள். எனக்குத் தயிர்சோறு பாதிகூட இறங்கவில்லை. கேட்டே விட்டேன்.

"ஏட்டி, உன் மாத்திரையில ஒண்ணு தாயேன். போட்டுப் பாக்கேன்."

"ஐயோ, வேண்டாங்கக்கா. ஒருத்தரோடத இன்னொருத்தர் போடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

தைலம், ஹேர்பின், ஊறுகாய் எல்லாம் கேட்காமலே தருவாள். இதற்கு மட்டும் டாக்டரம்மா.

பொறாமைதான். வேறு பேர் வைக்கத் தெரியவில்லை. இன்று என் மாத்திரையும் போடவில்லை. கிடக்கட்டும்.

மார்ச் 7, சனி

நேற்றும் போடவில்லை. தூக்கம் போச்சு. குமட்டல், தலை கிறுகிறுப்பு. டீ டைமுக்கு முன்பே அழுகை. எது ஓட்டை விழுந்த பனியன், எது நல்லது, கண்ணுக்குத் தெரியவில்லை. கோமதி என் பண்டலைச் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்து, பார்த்து முடித்துவிட்டாள். சூப்பர்வைசரிடம், "அக்காவுக்குக் காய்ச்சலுங்க சார்" என்றாள்.

நல்லவளாக இருக்கிற வாய்ப்பும் அவளுக்கே.

மார்ச் 10, செவ்வாய்

அரை நாள் லீவு. வேண்டாம் என்றாலும் கேட்காமல் சுகாதார நிலையத்துக்குக் கோமதி கூடவே வந்தாள். டோக்கன், கூட்டம், ஒரே இருமல் சத்தம்.

நிறுத்தியதைச் சொன்னேன். டாக்டரம்மா திட்டவில்லை. "ஒத்துக்கலைன்னா வந்து சொல்லுங்கம்மா. நீங்களா நிறுத்தக் கூடாது."

"கோமதிக்குக் குடுத்தத எனக்கும் தாங்க." வெட்கத்தை விட்டுக் கேட்டேன்.

"அது ஒசத்தி, இது மட்டம்னு இல்லைங்க. ஆளாளுக்கு ஒத்துக்கறது வேற. இவ்வளவு நாளாகியும் உங்களுக்கு இது கேக்கல, சரி, மாத்திப் பாக்கலாம். ஆனா சில வாரம் பொறுக்கணும்."

பஸ் ஸ்டாப்பில் கோமதி மெதுவாக, "எனக்கும் இது மூணாவது மாத்திரைங்கக்கா. மொத ரெண்டும் கேக்கலைங்க" என்றாள்.

எப்போது? பக்கத்து டேபிளில்தானே இருந்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவள் சிரிப்பு மட்டும் தெரிந்தது.

மார்ச் 11, புதன்

மேகமூட்டம். இட்லி இரண்டு. அதன்பின் புது மாத்திரை, கோமதியுடையதேதான்.

ஆசைப்பட்டது கைக்கு வந்துவிட்டது. இதுவும் கேட்காமல் போனால் இனி யாரைப் பார்த்துப் பொறாமைப்படுவது? பயமாக இருக்கிறது.