எந்தக் கணக்கிலும் உயிர்தான்

ஜூன் 11, 2024

மூத்தவள் பிளெஸ்ஸியைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு நானும் இவரும் காஞ்சிபுரம் போனோம். ஐந்தாம் மாத ஸ்கேன். கம்பெனியில் லீவு சொல்லியிருந்தேன். ஸ்கேன் எடுத்த டாக்டர் ஏதோ பேசிக்கொண்டே இருந்தவர், சட்டென்று நிறுத்திவிட்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

பிள்ளைக்கு மண்டை ஓடு உருவாகவில்லையாம். மூளையும் பெரும்பகுதி இல்லை. பிறந்தாலும் சில மணி நேரம், மிஞ்சினால் ஒன்றிரண்டு நாள். மருந்து இல்லை, ஆபரேஷன் இல்லை.

திரும்பும்போது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். அழவில்லை. ஏன் அழவில்லை?

ஜூன் 12

பிரசவ டாக்டரம்மாவைப் பார்த்தோம். இப்படிப்பட்ட கரு என்றால் இருபத்து நான்கு வாரம் வரை இரண்டு டாக்டர்கள் பார்த்துக் கலைக்கலாம், அதற்குமேல் மெடிக்கல் போர்டுதான் சொல்ல வேண்டும் என்றார். பெற்றெடுக்க ஆசைப்பட்டால் அதற்கும் கூடவே இருப்பாராம்.

"யாரு சொன்னாலும் செய்யாதம்மா. நீ யோசிச்சி சொல்லு. உன் கையெழுத்து மட்டும் போதும்."

இவர் ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கவரில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

ஜூன் 14

இன்று அசைந்தது.

ஜூன் 16, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் மாமியார் பாஸ்டர் ஏசுதாஸை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். பாஸ்டர் கடுமையாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கரு தரித்த நாளிலிருந்தே அது உயிர், கொடுத்தவர்தான் எடுக்க வேண்டும் என்றார்.

"உயிரு இல்லன்னு நான் சொல்லவே இல்லியே பாஸ்டர்."

"அப்பறம் எப்பிடிம்மா மனசு வருது?"

டீ போடுகிறேன் என்று எழுந்து உள்ளே போய்விட்டேன்.

பாஸ்டர் போன பிறகு அத்தை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு நாளுன்னாலும் என் மடியில வெச்சிக்கினு இருப்பேன்டி. அத்தக் கூடவா குடுக்க மாட்ட?"

பாஸ்டர் சொன்னதையெல்லாம் தாங்கினேன். இதைத் தாங்க முடியவில்லை.

ஜூன் 18

கம்பெனி லைனில் பக்கத்தில் நிற்கும் ஜாஹிராவிடம் மட்டும் சொன்னேன். நாலு மாதம் முடிந்துதான் கருவுக்குள் ரூஹ், அதாவது உயிர், ஊதப்படும் என்று அவர்கள் வீட்டில் சொல்வார்களாம். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள், பாவம். அந்தக் கணக்கும் தாண்டிவிட்டதே. பாஸ்டருக்கு முதல் நாளே உயிர். சட்டத்துக்கு வாரக் கணக்கு. எனக்கு? வெள்ளிக்கிழமை அசைந்ததே, அது.

எந்தக் கணக்கிலும் உயிர்தான். இல்லை என்று சொல்லி என்னையே ஏமாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் அந்த உயிர் வெளியே வந்தால் அதற்கு என்ன காத்திருக்கிறது? மூச்சுத் திணறல். அத்தைக்கு ஒரு நாள் மடி கிடைக்கும். பிள்ளைக்கு? உள்ளே இருக்கும்வரை அதற்கு ஒரு குறையும் இல்லை. அங்கேயே முடியட்டும். பாவம் என்றால் என் மேல் இருக்கட்டும் — நான்தான அம்மா. வேற யாரு சொமப்பாங்க?

முடிவு பண்ணிட்டேன்.

ஜூன் 20

அம்மாவை மீறி என்னால் வர முடியாது என்று காலையில் இவர் சொல்லிவிட்டார். தனியாகத்தான் போனேன். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், கணவர் கையெழுத்து இல்லாமல் அட்மிஷன் கிடையாது என்றார்.

"சட்டத்துல அப்பிடி இல்ல சிஸ்டர். டாக்டரம்மாவ கூப்பிடுங்க."

அங்கிருந்து நகரவில்லை. டாக்டரம்மா வந்தார், இன்னொரு டாக்டரும் ரிப்போர்ட்டைப் பார்த்தார். கையெழுத்துப் போட்டேன்: வ. ஷீபா.

வார்டுக்குப் போனால் வாசலில் இவர், கையில் ஹெல்மெட்டோடு. "கையெழுத்துக்கு வரல. உன்கூட குந்திக்கினு இருக்கலாம்னு வந்தேன்" என்றார்.

ஜூன் 22

பெண் பிள்ளை. தலையைத் துணியால் மூடிக் காட்டினார்கள். கால் விரல்கள் பிளெஸ்ஸியுடையவை போலவே இருந்தன.

கொடுங்கள், கொண்டுபோகிறோம் என்று கேட்டு வாங்கினோம். ஜெபம் செய்யத் தன்னால் முடியாது என்றார் பாஸ்டர். ஆனால் கல்லறைத் தோட்டத்துக் கேட்டை அவரே வந்து திறந்துவிட்டார். இவர் குழி வெட்டி முடிக்கும்வரை வேலியோரம் தலை குனிந்து நின்றார். அத்தை வரவில்லை.

ஜூன் 25

பால் கட்டிக்கொண்டு நெஞ்செல்லாம் கல்லாக வலிக்கிறது. சாயங்காலம் அத்தை மல்லிகைப்பூப் பொட்டலத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார், பால் வற்ற மார்பில் வைத்துக் கட்டிக்கொள்ள.

ஜூலை 8

மறுபடி வேலைக்குப் போனேன். ஓவர்டைமில் ஜாஹிரா என் பங்கையும் சேர்த்துச் செய்தாள்.

ஆகஸ்ட் 9

சுகாதார நர்ஸ் கணக்கெடுக்க வந்தார். பெயர், வயது கேட்டுவிட்டு, எத்தனை பிள்ளை என்றார். நான் வாயெடுப்பதற்குள், முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்த அத்தை நிமிராமலே சொன்னார்:

"ரெண்டு. ஒண்ணு இஸ்கூலுக்குப் போயிகீது. ஒண்ணு கல்லறையில கீது."

நர்ஸ் என்னைப் பார்த்தார்.

"ஆமாங்க, ரெண்டு" என்றேன்.