புகை போட்ட பாய்

ஜூன் 3, செவ்வாய்

இன்றைக்கு இடது கை ஜெயித்தது. வலது கை தோற்றது. இரண்டும் என் கைதான் என்பதால் கொண்டாட ஆளில்லை.

இரண்டு வருஷமாக இப்படித்தான். கட்டைவிரல் உயரத்தில் குட்டி வீரர்கள், எல்லாம் நானே பெயின்ட் அடித்தது. ஒரு பக்கம் மலைப்படை, மறு பக்கம் கடல்படை. டேப்பால் அளந்து நகர்த்தணும், பகடை உருட்டி அடிக்கணும். வீடியோ பார்த்தே விதிகள் அத்தனையும் மனப்பாடம். இந்தக் குலசேகரத்தில் எனக்கு எதிரே உட்கார ஒரு ஆள்தான் இல்லை.

அப்பா ரப்பர் ஷீட்டைக் காயப் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

"ஜெயிச்சது யாரு மக்ளே?"

"நான்தான்."

"தோத்தது?"

"அதுவும் நான்தான்."

"அப்ப வீட்டுக்கு நஷ்டமில்ல" என்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே நந்தனாவிடமிருந்து மெசேஜ். ஆன்லைன் குரூப்பில் பழக்கம், நேரில் பார்த்ததில்லை. ஊர் நாகர்கோவில், வேலை திருவனந்தபுரத்தில். அங்கே அவளுக்கு ஒரு கிளப்பே இருக்கிறது. (பொறாமை. எழுதியாச்சு.) அவர்களிடம் போர்க்களமாக விரிக்கிற பழைய விளையாட்டுப் பாய் இரண்டு சும்மா கிடக்கிறதாம், எடுத்துக்கோ என்கிறாள். ஒரே நிபந்தனை: புதுசாக நாலு பேருக்குச் சொல்லிக்கொடுக்கணும். அந்த நாலு பேரும் இரண்டாவது தடவையும் வந்தால் பாய் எனக்கு. வராவிட்டால் திருப்பித் தரணும்.

"முத தடவ யாரும் வருவாங்க ஷிஜி. ரெண்டாவது வாறதுதான் கணக்கு."

நாலு பேர். எனக்கு ஒருத்தர் போதும் என்று இருந்தேனே.

ஜூன் 12, வியாழன்

பாய் வந்தாச்சு, பாய் வந்தாச்சு, பாய் வந்தாச்சு.

களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் போய் வாங்கினேன். நந்தனா என்னைவிடக் குள்ளம். ஒவ்வொரு பாயும் ஆறடிக்கு நாலடி. மேலே துணி, அடியில் வெளுத்த ரப்பர். ஒன்றில் புல்வெளி அச்சு, மற்றதில் கடல். புல்வெளியைப் பார்த்தால் படுத்து உருளலாம் போல அப்படி ஒரு பச்சை. அச்சு வெளியே இருக்கும்படி சுருட்டினால்தான் ஓரம் சுருளாது என்று அவள் சொல்ல, நான் தெரியும் தெரியும் என்றேன். தெரியாது.

பஸ்ஸில் கண்டக்டர், "பாயும் கொண்டு எங்க பிள்ளே போற, கெடக்கவா?"

"சண்ட போட."

டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டு முன்னால் போய்விட்டார்.

இடமும் கிடைத்துவிட்டது. என்னோடு படிக்கிற டிஜோவின் அக்கா, குளோரியக்கா, மார்த்தாண்டத்தில் ஒரு மாடியில் தையல் வகுப்பு நடத்துகிறாள். துணி வெட்டுகிற மேஜை ஆறடிக்கு நாலடி. நான் கேட்கும்போது யூனிஃபார்ம் அவசரத்தில் இருந்தாள். தலை தூக்காமல், "ஞாயித்துக்கிழம எடுத்துக்கோ. ஊசி குத்துனா என்னட்ட வரப்பிடாது" என்றாள்.

ஜூன் 15, ஞாயிறு

நாலு பேர் வந்தார்கள். டிஜோ, அனிஷ், அனிஷின் தம்பி, தேங்காப்பட்டணத்திலிருந்து ஷஹீர்.

டிஜோ, "பாய் வந்தாச்சா?" என்று கேட்டான். "வந்தாச்சு, வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே படியேறினான் ஷஹீர். எல்லாரும் சிரித்தோம். நல்லாத்தான் தொடங்கியது.

பிறகு நான் விதி சொல்ல ஆரம்பித்தேன். நகர்வது எப்படி, மறைவது எப்படி, குன்றின் மேலே நின்றால் என்ன, குன்றுக்குப் பின்னால் நின்றால் என்ன, மழை பெய்தால் என்ன. முதல் பகடை உருளும்போது வாங்கி வைத்த பப்ஸ் எல்லாம் தீர்ந்திருந்தது. அனிஷ் கை தூக்கி, "இதுக்குப் பரீட்சை உண்டா?" என்றான். அவன் தம்பி தூங்கிவிட்டான். நிஜமாகவே தூங்கிவிட்டான்.

அவர்கள் போன பிறகு குளோரியக்கா மிஷினிலிருந்து, "ஏட்டி, நீ பேசுன நேரத்துல நான் ரெண்டு பாவாட தச்சு முடிச்சேன்" என்றாள்.

திரும்பும்போது மழை. பஸ் ஷட்டர் இறங்கவில்லை. புல்வெளிப் பாய் முழுக்க நனைந்தது. ஷெட்டில் அப்பாவின் ஷீட்டுகளுக்கு நடுவே ஒரு கம்பில், பச்சை உள்ளே போகும்படி மடக்கிக் காயப் போட்டிருக்கிறேன்.

பேசியே கெடுத்துவிட்டேன், இல்லையா?

ஜூன் 16, திங்கள்

இன்டர்னல் தேர்வு. வியாழன் வரை உயிர் இல்லை.

ஜூன் 19, வியாழன்

பாயக் காணோம். ஷெட்டுல ஒண்ணுமே இல்ல, ஷீட்டும் இல்ல பாயும் இல்ல, வெறுங்கம்புகூட இல்ல. அம்மாட்ட கேட்டா தெரியாதுங்கா. என் பாய்கூட இல்ல அது, நந்தனா பாயி —

அப்பா வந்து நிதானமாக, "வெளுப்பா, தடியா ஒண்ணு தொங்குச்சே, அதா? திங்கக்கிழம விடியங்காலைல ஜேசுதாஸ் மாமன் வந்து எல்லாத்தையும் கம்போட புகைக்கு அள்ளிட்டுப் போனாரே" என்றார்.

புகைக்கு. ஷீட்டைத் தொங்கவிட்டு, அடியில் விறகைப் புகைய வைத்து, வெள்ளை ஷீட் பழுப்பாகும்வரை விடுகிற மாமாவின் புகைப்புரைக்கு. மூன்று நாளாக என் புல்வெளி அதற்குள்ளே.

ஓடினேன். மாமா கதவைத் திறந்து இறக்கித் தந்தார்.

"இதா? நானும் பாத்தேன், எந்த ரப்பர்ப் பாலு இவ்வளவு கனமா ஒறஞ்சுதுன்னு. பழுது சொல்லப்பிடாது மக்ளே, ஒண்ணாம் கிரேடு கிட்டும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. பச்சை போய்விட்டது. கடுஞ்சாயா நிறம், ஓரமெல்லாம் கரி. கம்பு தொட்டுக்கொண்டிருந்த இடம் மட்டும் புகை படாமல், நடுவே ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒற்றைப் பச்சைக் கோடு.

ஜூன் 20, வெள்ளி

நந்தனாவுக்குப் போட்டோ அனுப்பி, நடந்ததை எல்லாம் எழுதிவிட்டேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பதில் இல்லை.

ஜூன் 21, சனி

பதில் இல்லை. அனிஷ் நாளைக்கு வரமாட்டானாம், தம்பியும். போகாமல் விட்டுவிடலாமா?

போகிறேன். கடல் பாய் வேண்டாம். புகைப் பாயையே எடுத்துப் போகிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

எழுத்து கோணலாகப் போகட்டும், இன்றைக்கே எழுதணும்.

பஸ்ஸில் அதே கண்டக்டர். மோந்து பார்த்தார். "ஷீட்டு கொண்டு போணும்னா லாரில போ பிள்ளே. வண்டி முழுக்க மணக்கு."

டிஜோவும் ஷஹீரும் மட்டும் வந்திருந்தார்கள். மேஜையில் பாயை விரித்தேன். அறை முழுக்கப் புகை வாசம். குளோரியக்கா துள்ளி எழுந்து, "யாரு அயன் பாக்ஸ ஆஃப் பண்ணாம விட்டது?" என்றாள். அவளோடு தைக்கிற தங்கபாயக்காவும் பட்டன் துளை போடுவதை விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். இரண்டு பேரும் மேஜையைப் பார்த்து நின்றார்கள்.

"இது என்ன எடம்?" என்றாள் தங்கபாயக்கா.

"எரிஞ்ச காடு."

"அப்ப இந்தப் பச்ச?"

"அது மட்டும்தான் எரியாத வழி."

"யாருக்குள்ள வழி?"

நான் யோசித்திருக்கவே இல்லை. வாயில் வந்தது: "பிடிக்கியவங்களுக்கு."

குளோரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அப்ப எனக்குத்தான்."

மழை, குன்று ஒன்றும் சொல்லவில்லை. ஆறு இஞ்ச் நகரலாம், நாலோ மேலேயோ விழுந்தால் அடி. அவ்வளவுதான். கழுத்தில் கிடந்த டேப்பை இரண்டு அக்காமாரும் உருவினார்கள். நாலு பேரும் பச்சைக் கோட்டில் முட்டி மோதினார்கள். ஷஹீரின் தளபதி ஓரத்தில் பதுங்கியதும் தங்கபாயக்கா, "ஓரமா நின்னா பாவம் பாப்பேன்னு நெனச்சியா தம்பி?" என்று பகடையை உருட்டினாள். ஆறு. "இது என்ன வீட்டுக்கு வந்தவன இப்பிடி வெட்டுதாவ" என்றான் ஷஹீர். யூனிஃபார்ம் எல்லாம் அப்படியே கிடந்தது.

புதுசாக நாலு பேர். நாலு பேர். ஆனால் அக்காமார் அடுத்த வாரமும் உட்காருவார்களா? இன்றைக்குச் சும்மா வேடிக்கைக்கா?

ஜூன் 23, திங்கள்

நந்தனா. ஆபீஸ் வேலையாக அலைச்சலாம். "இத எப்படிப் பண்ணுன? தயவுசெஞ்சு கழுவிடாத."

மூன்று நாள் என் உயிரை எடுத்துவிட்டு இதுதான் பதில். நான் பத்துத் தடவை படித்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வழியில் மரம் விழுந்து பஸ் நின்றுவிட்டது. அரை மணிக்கு மேல் தாமதம். யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தே படியேறினேன்.

நாலு பேரும் இருந்தார்கள். குட்டி வீரர்கள் என் பையில் இருந்ததால் பட்டன்களை நிறுத்தி ஆடிக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் பட்டன் மலைப்படை, கறுப்பு கடல்படை. தரையில் சாக்பீஸால் அந்தக் கோடு. குளோரியக்கா நிமிர்ந்து, "ஏட்டி, பாய் இல்லாம காடு எங்கயிருந்து எரிய? வேகம் விரி" என்றாள்.

விரித்தேன்.

யூனிஃபார்ம் மிச்சத் துணியில் பாய்க்கு ஒரு நீளப் பை தைத்து வைத்திருந்தாள் தங்கபாயக்கா. நீலக் கட்டம், தோளில் மாட்ட வார். இனி மழை உள்ளே போகாது. புகை வெளியே வராது என்று உறுதி சொல்ல முடியாது.

பிறகு குளோரியக்காவும் நானும் நேருக்கு நேர் ஆடினோம். தோற்றேன். என் கையிடம் இல்லை, இன்னொருத்தர் கையிடம். சுத்தமாக, ஒரு வீரன்கூட மிஞ்சாமல். டிஜோ, "சொல்லிக்குடுத்தவளுக்கே கெதி இதா?" என்றான்.

நந்தனாவுக்குச் சொன்னேன். "பாய் உனக்கு" என்று இரண்டே வார்த்தை.

ஜூலை 9, புதன்

திருவனந்தபுரம் கிளப்பிலிருந்து இரண்டு பாய் வந்திருக்கிறது, புகை போட. ஜேசுதாஸ் மாமா விரித்துப் பார்த்து, ரொம்பப் பெரிய ஆள் மாதிரி, "வழி எங்கூடி போணும்? நேராவா, சரிஞ்சா?" என்று கேட்டார். ஒன்றை நேராக, ஒன்றைச் சரித்துத் தொங்கவிட்டோம்.

ஜூலை 20, ஞாயிறு

மேஜை நிறைந்துவிட்டது. கடல் பாயைத் தரையில் விரித்து அங்கேயும் ஒரு கூட்டம். அனிஷ் திரும்பி வந்துவிட்டான். தம்பி முழித்திருந்தான். தையல் வகுப்பில் புதுசாகச் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு ஷஹீர் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்: "எல்லாம் எரிஞ்சு போச்சு. இந்தப் பச்ச மட்டும்தான் பாக்கி. போய்ப் பிடி." அவ்வளவுதான். அந்தப் பிள்ளை பகடையை எடுத்துவிட்டது.

எனக்கு நாற்காலி இல்லை. குளோரியக்கா கண்ணை எடுக்காமல், "எடமில்ல பிள்ளே, அடுத்த ஆட்டத்துக்கு நில்லு" என்றாள். அடுத்த ஆட்டத்துக்கும் ஆள் இருந்தது. கடைசி வரை நின்றுகொண்டே பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பாய்ப் பையை இறக்கினேன். அப்பா, "இன்னைக்கு ஜெயிச்சது யாரு மக்ளே?" என்றார்.

"தெரியல்லப்பா. எனக்கு ஆட எடமே கிட்டல்ல."

என் முகத்தைப் பார்த்தார்.

"பின்ன என்னத்துக்குச் சிரிக்க?"