நீ எண் போடாமல் விட்ட இடங்கள்

இன்று காலை என் ஹெட்செட்டின் வலது காது செத்துப்போனது. ஸ்டெல்லா மேடம் அலமாரியைத் திறந்து, ஒயரைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்த உன்னுடையதை எடுத்து என் மேசையில் வைத்தார். காதில் மாட்டியதும் நீலகிரித் தைலம் மணந்தது. ஏசி காற்று தலைக்கு ஏறுகிறது என்று தினமும் ஷிப்ட் தொடங்கும் முன்பு பஞ்சில் ஒரு சொட்டு விடுவாயே, அந்த வாசனை இன்னும் போகவில்லை. அமெரிக்காவில் எங்கோ உட்கார்ந்து பதிவுசெய்து அனுப்பிய ஆடியோவில் நம் கிட்னி டாக்டர் முதல் நோயாளியைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். மேசைக்கடியில் இருக்கும் ஆடியோ பெடலை மிதித்து அவரை நிறுத்தினேன்.

மேடம் இன்னும் பக்கத்திலேயே நின்றார்.

"ரேவதி, அந்த ஷார்ட்கட் ஃபைல இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள எல்லாருக்கும் போட்டு குடுத்துடுமா. உன் பேர்லயே சேவ் பண்ணு. இப்ப நீதானே வெச்சிக்கினு இருக்க."

உன் பேர்லயே. இந்த ஒரு வார்த்தைக்காக நான் எவ்வளவு ஏங்கினேன் என்று உனக்கு மட்டும்தான் தெரியும். அதனால்தான் சாயங்காலத்துக்கு முன்னால் உனக்கு எழுத ஆரம்பிக்கிறேன்.

மணவாள நகரில் டயர் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் இந்த ஆபீஸுக்கு முதலில் வந்தவள் நான். நீ இல்லை. இதை நான் உன்னிடம் எத்தனை முறை சொல்லிக்காட்டியிருப்பேன்! டாக்டர் பேசுவதைக் கேட்டு ரிப்போர்ட்டாக அடிக்கும் இந்த வேலையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அம்மா காக்களூரில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனிக்குப் போனதும், போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு வீடியோ வீடியோவாகப் பார்த்துக் கற்றேன். எந்த நாட்டு ஆள் என்றே தெரியாதவர்களிடம் குரூப்களில் கேள்வி கேட்டுத் திட்டு வாங்கினேன். அப்படி வந்தவளுக்குப் பக்கத்து நாற்காலியில் ஆறு மாதம் கழித்து நீ வந்து உட்கார்ந்தாய். கவரைப்பேட்டைப் பெண். இங்கே சித்தி வீட்டில் தங்கியிருந்தாய். லேப் டெக்னீஷியன் படித்தவள். நான் ஸ்க்ரீனில் பார்த்த ரத்தத்தை நீ கையில் பிடித்துப் பார்த்தவள். முதல் நாளே உன்னைப் பிடிக்கவில்லை. முதல் நாளே உன்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டும் இருந்தேன்.

கிட்னி டாக்டரின் ஆடியோ என்றால் அப்போதெல்லாம் யாரும் தொட மாட்டார்கள். பரிசோதனைகளின் பெயரையே சொல்ல மாட்டார். ஒரே மூச்சில் எண்களை மட்டும் கொட்டிவிட்டுப் போவார்.

"இவரு இன்னா லாட்டரி ரிசல்ட்டா படிக்கறாரு?" என்றேன்.

நீ சிரித்தாய். "வரிசைடி. சோடியம், பொட்டாசியம், குளோரைடு, பைகார்ப், யூரியா, கிரியாட்டினின். எப்பவும் இதே வரிசைதான். அது தெரிஞ்சா அவரு வாயில பஞ்ச வெச்சிக்கினு பேசினாகூட அடிக்கலாம்."

கிரியாட்டினினுக்கு அவர் "பாயிண்ட் நைன்" என்றதை நான் வெறும் புள்ளியும் ஒன்பதுமாக அடித்தேன். நீ எட்டிப் பார்த்தாய்.

"முன்னாடி ஒரு சைபர் போடு. புள்ளி கண்ணுல படலேன்னா ஒம்போதாயிடும். பாவம், அந்தாளுக்கு கிட்னியே இல்லன்னு நெனச்சிக்குவாங்க."

மறுநாள் அதே விஷயத்தைப் புதிதாக வந்த இரண்டு பேருக்கு நான் சொன்னேன். ஒரு வீடியோவில் பார்த்ததாகச் சொன்னேன். நீ கேட்டுக்கொண்டுதான் இருந்தாய்.

உன் வேகத்துக்கு என்ன காரணம் என்று கண்டுபிடிக்க எனக்கு வெகுநாள் ஆனது. நம் எல்லோரிடமும் ஷார்ட்கட்கள் உண்டு. நான்கு எழுத்து தட்டினால் ஒரு முழு வரி வந்து விழும். என்னிடம் இருநூறு இருந்தன, உன்னிடம் மூவாயிரத்துக்கு மேல். நீ இரண்டு விரலால் எதையோ தட்டுவாய், ஒரு முழு ரத்தப் பரிசோதனை அட்டவணை போலத் திரையில் வந்து நிற்கும். நான் அதைப் பார்த்துவிட்டு என் கீபோர்டைப் பார்ப்பேன். பசிக்கிறவள் அடுத்தவள் தட்டைப் பார்ப்பது போல.

பிறகு மேடம் அந்த அறிவிப்பைச் செய்தார். கிட்னி டாக்டரின் வேலை முழுவதும் இனி ஒரே ஆளுக்கு. நீ அல்லது நான். ஒரு மாதம் இருவரும் பாதிப் பாதி செய்ய வேண்டும், தப்பில்லாமல் வேகமாகச் செய்பவளுக்கு அவர். அந்த ஆபீஸில் அதைவிடப் பெரிய இடம் கிடையாது. எனக்கு அது வேண்டும். நான் படித்த காலேஜ் எது என்று கேட்டவர்கள் எல்லோருக்கும் அதை எடுத்துக் காட்ட வேண்டும்.

ஒரு நாள் நீ நாஷ்டாவுக்குக் கீழே இறங்கினாய். திரையைப் பூட்டவில்லை. உன் ஃபைலைப் பொது ஃபோல்டர் வழியாக என் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொண்டேன். நீ திரும்பி வந்து, "உனுக்கும் ரெண்டு இட்லி கட்டிக்கினு வந்தேன்" என்று பொட்டலத்தை வைத்தாய். தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகும்வரை காத்திருக்கவில்லை. அப்போதே திறந்து பார்த்தேன். ஏமாற்றம். உன் மூவாயிரத்திலும் ஒரு எண்கூட இல்லை. சோடியம் என்றிருக்கும், பக்கத்தில் மூன்று அடிக்கோடு. பொட்டாசியம், மூன்று அடிக்கோடு. எண் வர வேண்டிய எல்லா இடமும் காலி. யாராவது திருடுவார்கள் என்று வேண்டுமென்றே உருவிவிட்டாய் என நினைத்தேன். அப்படியே கொதித்துப்போனது எனக்கு.

அதனால் நானே நிரப்பினேன். சோடியம் 140. பொட்டாசியம் 4.2. பெரும்பாலும் அதையொட்டித்தானே வரும், மாறினால் மட்டும் மாற்றினால் போதுமே என்று கணக்குப் போட்டேன். பாதி வேலை மிச்சம். மூன்று நாள் நான் உன்னைத் தாண்டி ஓடினேன். ஸ்டேட்டஸில் ராக்கெட் படம் போட்டேன். முதல் ஆளாகப் பார்த்து இதயம் போட்டது நீதான்.

நான்காம் நாள் மேடம் லீவு. மேடம் அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டுமே பார்க்கும் என் ரிப்போர்ட்டுகளை, அவை அமெரிக்காவுக்குப் போவதற்கு முன்பு அன்று நீ சரிபார்க்க வேண்டும். பதினோரு மணிக்கு என் மேசைக்கு வந்தாய்.

"ரேவு, அந்த டயாலிசிஸ் பாட்டியோட ஆடியோ எடு. ரெண்டு நிமிஷம் பத்து செகண்டு."

போட்டேன். சிக்ஸ் பாயிண்ட் ஃபோர் என்றார் டாக்டர். திரையில் 4.2 என்று இருந்தது.

"எங்கேர்ந்து வந்துச்சு இந்த நாலு புள்ளி ரெண்டு? அவரு சொல்லவே இல்லியே."

"ஏதோ கை தவறி..."

"கை தவறினா ஆறுக்கு பதிலா அஞ்சு வரும், ஏழு வரும். இது முன்னாடியே ஒக்காந்துகினு இருந்த நம்பரு." குனிந்து என் திரையைப் பார்த்தாய். உன் வரிசை, உன் இடைவெளி, உன் அடிக்கோட்டின் மேல் உட்கார்ந்திருந்த என் எண். உனக்குப் புரிந்துவிட்டது.

"பொட்டாசியம் ஆறு நாலுன்னா இதயம் நின்னுடும்டி" என்றாய். "திருத்திட்டேன். எர்ரர் ஷீட்ல உன் பேர்ல போட்டுட்டேன்."

"ஒரு தபா விட்டிருக்கலாம்ல? நீதான் திருத்திட்டியே!"

"இத நான் பாத்தேன். நேத்து நீ அனுப்புனத யாரு பாத்தா?"

அன்றைக்கு நீ உன் வேலையை அப்படியே விட்டுவிட்டு என்னோடு உட்கார்ந்தாய். அந்த மூன்று நாளில் நான் அனுப்பிய அத்தனை ஃபைலையும் ஒவ்வொன்றாக இருவரும் திரும்பக் கேட்டோம். வேறு தப்பு எதுவும் இல்லை. கடைசி ஃபைல் முடிந்ததும் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாய்.

"லேப்ல டியூப்ல ரத்தம் இருக்கும், சந்தேகம்னா இன்னொரு தபா பாத்துக்கலாம். இங்க அவரு வாயில வர்ற நம்பரு மட்டும்தான் இருக்கு. அதையும் நாமளே போட்டுட்டா, அப்புறம் இன்னாடி இருக்கு?"

மறுநாள் மேடம் விசாரித்தபோது, "வேகத்துல வந்துடுச்சு மேடம்" என்று மட்டும் சொன்னாய். ஃபைல் திருட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. நோயாளிக்கு நான் செய்ததை மறைக்கவில்லை, உனக்கு நான் செய்ததைச் சொல்லவில்லை. இது இப்போது புரிகிறது. அப்போது புரிந்தது ஒன்றுதான்: கிட்னி டாக்டர் உனக்குப் போய்விட்டார். நான் ஜன்னலோரம் இடம் மாறினேன். மூன்று வாரம் உன்னோடு பேசவில்லை. நீ தினமும் "ரேவு, நாஷ்டா?" என்று கேட்டாய். நான் தினமும் ஹெட்செட் மாட்டியிருப்பது போல நடித்தேன்.

பிறகு ஒரு வியாழக்கிழமை உன் நாற்காலி காலியாக இருந்தது. சனிக்கிழமை தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"நான் அவ சித்தி பேசறேம்மா. நாலு நாளா காய்ச்சல் எறங்கல, ரத்தம் எடுத்தாங்க. போட்டோ அனுப்பிக்கிறேன், பாத்து சொல்லு. இங்க ஒர்த்தருக்கும் ஒன்னும் புரில. 'ரேவுக்கு அனுப்பு, அது ஒயுங்கா படிக்கும்'னு சொல்லிச்சு."

போட்டோவைப் பெரிதாக்கினேன். மேலே உன் பெயர். கீழே உன் ஷார்ட்கட்டில் இருக்கும் அதே வரிசை. பிளேட்லெட் என்ற இடத்தில் பதினெட்டாயிரம். என் பழைய ஃபைலில் அந்த இடத்தில், நல்ல உடம்புக்கு இருக்க வேண்டிய இரண்டரை லட்சத்தை நிரப்பி வைத்திருந்தேன். "சித்தி, இப்பவே பெரியாஸ்பத்திரிக்கு கூட்டிக்கினு போங்க, பஸ்ஸெல்லாம் வேணாம், வண்டி வெச்சிக்கினு போங்க" என்று கத்தினேன். போனார்கள். மூன்றாம் நாள் உன் உடலைக் கவரைப்பேட்டைக்குக் கொண்டுவந்தார்கள்.

அங்கே நான் நினைத்ததையும் சொல்லிவிடுகிறேன். ஸ்டேஷன் ரோடு வரை ஆட்கள். கும்மிடிப்பூண்டியில் உன் அப்பாவோடு இரும்பு உருக்குகிறவர்கள் ஷிப்ட் சட்டையோடு வந்து நின்றார்கள். நீ பயிற்சி எடுத்த லேப்பிலிருந்து ஒரு கூட்டம். எனக்கென்றால் இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தேன். அழுதுகொண்டேதான் நினைத்தேன். ஆனாலும் நினைத்தேன். அப்போதும் பொறாமைதான்.

கிட்னி டாக்டர் எனக்கு வந்தார். இத்தனை நாள் கேட்டது இப்படியா கிடைக்க வேண்டும்? மேடம் உன் கம்ப்யூட்டரிலிருந்து ஃபைலை எடுத்து, இந்த முறை ஒழுங்கான வழியில், எனக்குக் கொடுத்தார். நான் திருடிய பிறகு நீ சேர்த்தவையும் அதில் இருந்தன. கீழே இறங்கிக்கொண்டே வந்தேன். கடைசிக்குப் பக்கத்தில் ஆங்கிலத்தில் நான்கே எழுத்தில் ஒரு ஷார்ட்கட்: ரேவு.

தட்டினேன். யூரின் பரிசோதனை விரிந்தது. அது என்னுடையது. டாக்டர் முதலில் சொல்லும் புரதத்தையும் ரத்தத்தையும் மேலே கொண்டுவந்து, மற்றதையெல்லாம் கீழே வரிசைப்படுத்தி நானே யோசித்துச் செய்த அமைப்பு. இந்த வேலையில் யாரும் சொல்லித்தராமல் நானாகச் செய்த ஒன்றே ஒன்று. என் ரிப்போர்ட்டுகளில் பார்த்து எடுத்திருக்கிறாய். ஒரே ஒரு மாற்றம். வசதிக்காக எல்லாவற்றுக்கும் நேரே "நெகட்டிவ்" என்று முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன். அத்தனையையும் நீக்கிவிட்டு மூன்று மூன்று அடிக்கோடு போட்டிருந்தாய்.

அதாவது, நீயும் என்னிடமிருந்து எடுத்தாய். ஆனால் எடுத்த இடத்தில் என் பெயரை வைத்தாய். உன் மூவாயிரத்தை எடுத்தபோது எனக்கு அது தோன்றவேயில்லை. இதிலும் நீதான் முதல். எப்படிப் பொறாமைப்படாமல் இருப்பது, சொல்?

இதுவரை எழுதிவிட்டு, சாயங்காலம் ஃபைலைப் பொது ஃபோல்டரில் போட்டேன். உன் பெயரில்தான் போட்டேன். மேடம் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரத்தில் கதவோர மேசையிலிருந்து யாரோ, "யூரினுக்கு இன்னா ஷார்ட்கட்டு?" என்று கேட்டார்கள்.

"ரேவு" என்றேன்.

"உன் பேரா? நீ பண்ணதா?"

"நான் பண்ணது. காலி இடம் மட்டும் அவளுது."

உன் ஹெட்செட்டைத் திரும்ப மாட்டிக்கொண்டேன். ஒரு நாளில் முப்பது தடவையாவது என் பெயரை நானே தட்டுகிறேன். ஒவ்வொரு தடவையும் உன் அடிக்கோடுகள் வந்து நிற்கின்றன. டாக்டர் சொல்லும்வரை நான் எதுவும் போடுவதில்லை.