பந்தின்மேல் உட்கார்ந்த மகாராணி

மார்ச் 3, செவ்வாய்

செம்பட்டைக் கோழி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. இருக்கிற மூன்றில் மூளை குறைந்தது இதுதான் என்று வாங்கின அன்றே சொன்னேன். இவர் கேட்கவில்லை, இறகு அழகாக இருக்கிறதாம். காலமெல்லாம் பஸ் ஓட்டினவருக்கு முன்பக்கம் பளபளவென்று இருந்தால் போதும்.

வீட்டில் சேவலே கிடையாது. முட்டையையும் காலையிலேயே எடுத்துவிட்டேன். கூடையில் கிடப்பது என் பையன் பள்ளிக்கூடத்தில் விளையாடின டேபிள் டென்னிஸ் பந்து. இங்கேதான் முட்டையிட வேண்டும் என்று கோழிகளுக்குப் புரியட்டுமே என்று நான் போட்டு வைத்தது. அதன்மேல் மகாராணி இறகை விரித்து உட்கார்ந்துகொண்டு, கையைக் கொண்டுபோனால் கொத்துகிறது. வாரிசு பெறப் போகிற தோரணை. பந்திலிருந்து என்ன பொரியும்? இன்னொரு பந்தா?

மார்ச் 4

தூக்கித் தூக்கி வெளியே போட்டேன். நான் திரும்புவதற்குள் அது திரும்பிவிடுகிறது.

மார்ச் 6, வெள்ளி

இவர் யோசனைப்படி வாளித் தண்ணீரில் வயிறு நனைய முக்கி எடுத்தோம். சூடு தணிந்தால் அடை தெளியுமாம். நனைந்தது நான்தான். அது உதறிக்கொண்டு, பந்து சரியாக இருக்கிறதா என்று அலகால் உருட்டிப் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தது.

ராத்திரி சாப்பாட்டின்போது பையன் விஷயத்தை எடுத்தான். ஊருக்கு அந்தப் பக்கம் அவனும் மருமகளும் தனியாக ஒரு வீடு பார்த்திருக்கிறார்களாம். அவன் வேலை பார்க்கிற லிஃப்ட் கம்பெனிக்கும் பக்கம், அவள் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரி லேபுக்கும் பக்கம். மாதக் கடைசிக்குள் வீட்டுக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். மாடி முழுக்க எழுதி வைத்தது போலக் கிடக்கிறது இவர்களுக்கு. யார் சொல்லிக் கொடுத்து யார் பேசுகிறார் என்று தெரியாதா எனக்கு?

"போறவன் போ" என்றேன்.

"இப்படிச் சொன்னா எப்படிம்மா போறது? தினம் கேட்ல நின்னு சொல்லுவியே, அந்த மாதிரி சொல்லு. நீ சொல்லாம நான் போகமாட்டேன்."

போயிட்டு வா என்று சொல்ல வேண்டுமாம். ஆபீசுக்குப் போகிறவனுக்கும் வீட்டை விட்டே போகிறவனுக்கும் ஒரே வார்த்தையா? சொல்லமாட்டேன். சொல்லாமல் எப்படிப் போகிறான் பார்ப்போம்.

இவர் மோரில் உப்பில்லை என்றார்.

மார்ச் 7

அவனும் பேசவில்லை. நானும் பேசவில்லை. கோழியும் எழுந்திருக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

நான் வேலை பார்க்கிற சலவைக் கடையில் இன்று ஒருவன் போன வருஷம் போட்ட கோட்டைக் கேட்டு வந்து, தூசி படிந்திருக்கிறது என்று கத்தினான். வருஷம் முழுக்க மாட்டி வைத்துக் காப்பாற்றினவளுக்கு இதுதான் மரியாதை. கவுண்டரில் நிற்க ஆரம்பித்த பிறகு மனுஷர்மேல் இருந்த கொஞ்சநஞ்ச மதிப்பும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தால் மருமகள் கோழிக்கூடையை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கையில் டம்ளர், தோளில் இன்னும் பை. உட்கார்ந்து குடித்தால் குறைந்தா போய்விடும்?

"கூட்டைக் கலைச்சுட்டாத் தானா எழுந்துரும் அத்தை."

கூட்டைக் கலைப்பதில் கைதேர்ந்தவள் அல்லவா! எதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரியாதா?

"கோழி மிதிச்சுக் குஞ்சு முடமாகாதும்மா" என்றேன்.

அவள் டம்ளரோடு மாடிக்குப் போய்விட்டாள். இவர்தான் பேப்பரை இறக்காமலே சொன்னார்: "முடமாகாதுதான். மிதிச்சுக்கிட்டே இருந்தா அது எப்ப நடக்கும்?"

இந்த மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம். திறக்காமலே இருந்திருக்கலாம்.

மார்ச் 12

கம்பி வலைக் கூண்டு ஒன்றைத் தேடி எடுத்து, ராணியை உள்ளே போட்டுக் கொல்லைப்புறத்தில் தொங்கவிட்டாயிற்று. அடிவயிற்றில் காற்றுப் படட்டும். படுக்க ஒரு துரும்பு கிடையாது. எத்தனை பேர் திமிரைப் பார்த்திருக்கிறேன், இது எம்மாத்திரம்.

மார்ச் 15, ஞாயிறு

கூண்டைத் திறந்துவிட்டேன். தீனியைப் பார்க்கவில்லை, தண்ணீரைப் பார்க்கவில்லை. நேரே கூடைக்குப் போய்ப் பந்தின்மேல் உட்கார்ந்தது. ச்சீ.

மார்ச் 17, செவ்வாய்

கொண்டை வெளுத்துவிட்டது. தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது, நெஞ்செலும்பு கையில் குத்துகிறது. இப்படியே போனால் செத்துப்போகும் என்கிறார் இவர். சாகட்டும், எனக்கென்ன. கையில் தீனி வைத்துக்கொண்டு வெகுநேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். நாலு தானியம் தின்றது. பிசாசு.

மருமகள் வரவில்லை, வரவில்லை என்று பார்த்தால் பையனுக்குப் போன் வருகிறது. பஸ்ஸில் தூங்கிவிட்டாளாம், இறங்க வேண்டிய இடம் தாண்டி, டிப்போவில் கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட்டிருக்கிறார். இவன் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினான். வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தவள், பிசைந்த கையோடு அப்படியே தூங்கிப்போனாள். காலையில் இரண்டு பஸ், சாயந்திரம் இரண்டு பஸ். இவளும் ஒரு மாதிரி எலும்பாகத்தான் இருக்கிறாள், நான் இத்தனை நாள் சரியாகப் பார்க்கவில்லை.

ஸ்டைலுக்கு இளைத்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

எழுதவே எரிச்சலாக இருக்கிறது.

அவளுக்கு இன்று லீவு. நான் கடையிலிருந்து வரும்போது கோழி அவள் மடியில் இருக்கிறது. என்னைக் கொத்துகிற கோழி! கையில் பந்து.

"அத்தை, இதை நீங்க எடுக்கவே இல்லையா?"

"எடுத்தா மத்த ரெண்டும் வேலியில போய் முட்டை போடும். அதனாலதான் விட்டு வச்சிருக்கேன்."

அவள் சிரித்துவிட்டாள். கேலியாகக் கூட இல்லை, அடக்க முடியாமல். "அது திரும்பி வந்து பாக்குறப்பல்லாம் முட்டை அங்கேயே இருக்கே அத்தை. அது எப்படி விட்டுட்டுப் போகும்?"

தண்ணீரில் முக்கினேன், கூண்டில் போட்டேன், திட்டாத திட்டில்லை. போகச் சொல்லிவிட்டு, போகாமல் இருப்பதற்கானதை நானே அடியில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் துடைத்து வேறு வைத்தேன்! இதுல அதுக்கு மூளை இல்லையாம். யாருக்குடி மூளை இல்ல? வயசாகி என்ன பிரயோஜனம், கழுதைக்கும்தான் வயசாகுது.

சிரித்தது அவள் என்பதுதான் தாங்கவில்லை.

மார்ச் 20

பந்தை எடுத்துவிட்டேன். கூடையைக் கவிழ்த்துப் பரண்மேல் போட்டாயிற்று. கோழி அந்த இடத்தையே சுற்றிச் சுற்றி வருகிறது. நன்றாகச் சுற்றட்டும்.

மார்ச் 23, திங்கள்

ராணி மற்ற இரண்டோடு மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கிறது. ஒன்றுமே நடக்காதது போல. வெட்கமா மானமா, கோழிதானே.

காலையில் கேட்டில் நின்று பையனிடம், "சாயந்திரம் அப்படியே அந்த வீட்டுக்காரரையும் பாத்துட்டு வா" என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு என் முகத்தையே பார்த்தான். "என்ன பார்வை? வேலைக்கு நேரமாகலையா?" என்று விரட்டினேன். அதற்கு மேல் நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

மார்ச் 29, ஞாயிறு

சாமான் ஏற்றின வேன் போயிற்று. அவன் காத்துக்கொண்டு நின்றான். சொன்னேன். "போயிட்டு வாங்க." இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான்.

ஏப்ரல் 12, ஞாயிறு

ராணி மறுபடி முட்டையிட ஆரம்பித்திருக்கிறது. வேலியோரம்தான், வேறெங்கே. இவர் தவழ்ந்துபோய் எடுத்து வருகிறார்.

மத்தியானம் வந்தார்கள். அவள் முகத்தில் கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. தினமும் ஏழு மணி வரை தூங்குகிறாளாம். அதை வேறு வாய்விட்டுச் சொல்கிறாள். இருக்கிற முட்டையை எல்லாம் அவள் பையில் வைத்தேன், உடைக்காமல் கொண்டுபோகத் தெரிந்தால் சரி. "இருட்டுறதுக்குள்ள போயிட்டு வாங்க" என்று நானே முதலில் எழுந்தேன். பையன் அப்பாவைப் பார்த்தான். இவர் பேப்பரைப் பார்த்தார்.

ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டேன். இவர் வந்து, நான் எடுத்து வைத்திருந்த நாலு தட்டில் இரண்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தார். இரண்டு வாரமாகத் தினமும் இதே வேலைதான் அவருக்கு.

கோழி மூன்றே நாளில் மறந்துவிட்டது. நான் போய் அதற்கு மூளையில்லை என்று சொல்ல வந்துவிட்டேன்.