தொம் விழாத கட்டம்

இன்று அமாவாசை. காலையில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் மேல்மலையனூர் ஸ்பெஷல் வண்டியில் ஏறப் படியில் கால் வைத்தேன். உள்ளே ஸ்பீக்கரில் நம்முடைய பம்பை அடி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு தொம் முந்தி விழுந்தது. பிறகு ஒன்றுமே இல்லாமல் ஒரு கட்டம் போனது. அடுத்த தொம் ஓங்கி விழுந்தது. டிரைவரின் விரல்கள் ஸ்டியரிங்கில் அதைத் தட்டிக்கொண்டிருந்தன. டிக்கெட் கிழிக்கிற கைகூட அந்த வெறும் கட்டத்தில் சற்று நின்றது. நான் காலைக் கீழே எடுத்துவிட்டேன்.

“இன்னா பெருசு, ஏறு. உனுக்குன்னு தனியா வண்டி வுடுவாங்களா?” என்றார் கண்டக்டர்.

“அடுத்த வண்டில வரேன், நீ போ” என்றேன்.

அடுத்த வண்டியிலும் அதுதான் ஓடும். நொண்டி அடி என்று ஊரே அதற்குப் பெயர் வைத்துவிட்டது. கல்யாண ஊர்வலம், ஷேர் ஆட்டோ, சலூன் கடை, எங்கும் அதுதான். அது எங்கிருந்து வந்தது என்று எனக்கும் உன் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும். வீட்டுக்குத் திரும்பி, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆமாம், எழுதுகிறேன். நீ போன பிறகு சிங்கவரம் பள்ளிக்கூடத்தில் பெரியவர்களுக்கான வகுப்பில் சேர்ந்தேன். ஒரு வரிக்கு ஒரு வெற்றிலை போடும் நேரம் ஆகிறது. ஆனாலும் ஒவ்வொரு வரி முடியும்போதும் சிரிப்பு வந்துவிடுகிறது.

என் தோள் இறங்கிப் பம்பையைத் தூக்க முடியாமல் போன அந்த வருடம், கடைத்தெரு மாடியில் இருந்த உன் மைக்செட் கடைக்கு வந்து சும்மா உட்கார ஆரம்பித்தேன். நீ அப்போது லேப்டாப்பில் தானாகத் தாளம் அடிக்கிற ஒரு மிஷினை எழுதிக்கொண்டிருந்தாய். திரையில் வரிசைக்குப் பதினாறு கட்டம். இடமிருந்து வலமாக ஒரு வெளிச்சம் ஓடும். எந்தக் கட்டம் நிரம்பியிருக்கிறதோ அங்கே ஒலிக்கும், கடைசிக் கட்டம் தாண்டியதும் மறுபடி முதலிலிருந்து வரும். என் பம்பையின் நாலு அடிகளைப் பதிவு செய்து நாலு வரிசையில் வைத்தாய்.

“உன் தோளு வலிக்கும். என் மிஷினுக்குத் தோளே இல்ல. எது ஒசத்தி, சொல்லு?” என்றாய்.

கேட்டேன். என் அடிதான், என் தோல்தான், என் குச்சிதான். ஆனால் எல்லாம் அளந்து வைத்த இடத்தில் அளந்தபடி விழுந்தது.

“செத்தவன் அடிக்கிற மாதிரி இருக்குதுடா” என்றேன்.

நீ மூன்று மாதம் அதோடு மல்லுக்கட்டினாய். ஒவ்வொரு அடியையும் மிஷினே தன் இஷ்டத்துக்குக் கொஞ்சம் முன்னே பின்னே தள்ளுகிற மாதிரி எழுதினாய். “இப்ப குடிகாரன் அடிக்கிறான்” என்றேன். என் கையைப் பிடித்து மேசையில் தட்டச் சொல்லி அளந்து பார்த்தாய். அதுவும் ஒட்டவில்லை. எனக்கு அந்த நாட்கள் எவ்வளவு பிடித்திருந்தன தெரியுமா? பம்பையே இல்லாமல் பம்பைக்காரனாக இருந்தேன்.

மாசி அமாவாசைக்குச் சிங்கவரம் அம்மன் கோயிலில் மிஷினை வைக்கிறோம் என்று ஊரில் நான்தான் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்கக்கூட இல்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு ஒரு நாள் நீ படியேறி வந்து, மூச்சு வாங்க உட்கார்ந்து, பொத்தானை அழுத்தினாய். தொம்முக்கு அடியில் புதிதாக ஓர் ஒலி இருந்தது. மண்ணுக்குள்ளிருந்து வருவது போல. ஒன்று முந்தியது. ஒன்று வரவில்லை. அடுத்தது ஓங்கியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

“இப்பதான்டா உசுரு வந்துச்சு! இன்னாடா பண்ண?”

“நானா ஒண்ணையும் தள்ளல. நெசமா வுழுந்த எடத்துலயே வச்சிட்டேன்.”

“யாரு அடிச்சது? எங்கேர்ந்து புடிச்ச?”

“இங்கேர்ந்துதான்” என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினாய். பையில் போன் இருந்தது. போனில் யாரோ அனுப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

“சரி பண்ணிடட்டா? நொண்டுது பாரு” என்றாய் பிறகு.

“கை வச்ச, கைய ஒடிப்பேன். நொண்டறதுதான்டா அழகு. இன்னும் ரெண்டு எடுத்துக்கினு வா.”

நீ கொண்டுவந்தாய். ஒவ்வொன்றும் முந்தையதைவிட அதிகமாக நொண்டியது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு வரிசை சேர்த்து, என் எதிரிலேயே ஏதோ தட்டினாய்.

“இன்னாடா எழுதற?”

“அடிக்குப் பேரு வைக்கிறேன்.”

“எனக்கும் படிச்சிக் காட்டேன்.”

“நீ காதால படிக்கிறவன். உனுக்கு எதுக்கு?” என்று சிரித்தாய். நானும் பெருமையாகச் சிரித்தேன்.

அமாவாசையன்று பொழுது சாயும் நேரம் கோயில் முன்னால் அடி கிளம்பியது. இரண்டு பெண்களுக்கு அருள் வந்தது. ஊரே ஆடியது, எல்லோர் கையிலும் போன், படம் பிடித்துக்கொண்டே ஆடினார்கள். நீ லேப்டாப்புக்குப் பின்னால் வேர்த்துக்கொண்டிருந்தாய். உன் உதடு வெளுத்திருந்தது. டியூப்லைட் வெளிச்சம் என்று நினைத்தேன். “வேகத்தக் கூட்டுடா!” என்று கத்தினேன். கூட்டினாய். மறுபடி கத்தினேன். மறுபடி கூட்டினாய்.

மூன்றாம் நாள் மதியம் கடைக்குப் போகும் மாடிப்படியில் உட்கார்ந்த நீ எழுந்திருக்கவில்லை.

“ஒரு தலவலின்னுகூட சொல்லலியே அண்ணே, நல்லாத்தானே இருந்தாரு” என்று உன் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். நானும் கூட நின்று தலையாட்டினேன்.

எழுத்துக் கூட்டப் பழகியதும், முதலில் அந்த லேப்டாப்பைத்தான் படிக்க வேண்டும் என்று தோன்றியது. போன மாதம் உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முறத்தில் மல்லாட்டை உடைத்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பெட்டியை அவள் திறந்ததே இல்லையாம். நீ சொல்லிக்கொடுத்திருந்தபடி நானே திறந்தேன்.

“படிக்கிறியா அண்ணே? எங்க, சத்தமாப் படி, கேக்கலாம்” என்றாள்.

எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். மனசுக்குள் படிக்க இன்னும் பழகியிருக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லி, சொன்னதை என் காதே கேட்ட பிறகுதான் அர்த்தம் வரும்.

“த. தி. தொம். நம்” என்று படித்தேன். வாழ்நாளெல்லாம் கையால் அடித்த தொம்மின் முகத்தை அன்றுதான் பார்த்தேன். சந்தோஷம் தாங்கவில்லை. “பாத்தியா தங்கச்சி!” என்றேன். அவளும் சிரித்தாள். அதே வேகத்தில் ஐந்தாவது வரிசைக்குப் போய்விட்டேன்.

“எ... ன். என். நெ... ஞ்... சு. படி... ஏ... றி... ன பிறகு.”

மல்லாட்டை உடையும் சத்தம் நின்றது. நான் இன்னும் எழுத்துகளைக் கூட்டிக்கொண்டிருந்தேன். அவளுக்கு முன்னாலேயே புரிந்துவிட்டது.

“அடுத்தது இன்னா?” என்றாள்.

“என் நெஞ்சு. இ... ட... து தோள் வலி.”

அதற்குள் எனக்கும் புரிந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஒரு வரிசைதான் பாக்கி. 

“படி அண்ணே.”

“வேணாம் தங்கச்சி.”

“நீ படிக்கலன்னா நான் வந்து படிப்பேன்.”

படித்தேன். கடைசி வரிசைக்கு நீ வைத்த பெயர் நீளமானது. அமாவாசை போகட்டும், டாக்டரைப் பார்க்கலாம், அவனிடம் சொன்னால் நிறுத்திவிடுவான் என்று இருந்தது. அதைக் கூட்டி முடிக்க எனக்கு வெகு நேரம் ஆயிற்று. என் குரலில்தான் அவள் உன்னைக் கேட்டாள். படிக்கத் தெரியாதவன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்ற தைரியத்தில்தானே அதையெல்லாம் என் கண்ணெதிரே எழுதிவைத்தாய்?

பிறகு அவள் கேட்டாள்.

“சொல்லிருந்தா நிறுத்திருப்பியா அண்ணே?”

“நிறுத்திருப்பேன்” என்றேன், அவள் கேட்டு வாய் மூடுவதற்குள்.

முந்தி விழுந்த அடி அது. எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும். முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு, “பொட்டிய நீயே எடுத்துக்கினு போ” என்று உள்ளே போய்விட்டாள்.

எடுத்து வந்து வைத்திருக்கிறேன். இதுவரை ஓடவிடவில்லை. ஊரில் ஓடுவதை என்னால் நிறுத்தவும் முடியவில்லை.

பேசும்போது வாய் ஓடிவிடுகிறது. எழுதும்போது அப்படி ஓட முடியவில்லை, அடுத்த எழுத்து வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. அப்படிக் காத்திருந்து காத்திருந்து, அவள் கேட்டதற்கான பதிலை இன்று எழுதிப் பார்த்தேன். நீ உன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு என்னிடம் சொல்லியிருந்தால், நான் உன் முதுகைத் தடவிக்கொடுத்திருப்பேன். சோடா வாங்கிக் கொடுத்திருப்பேன். பிறகு, இந்த ஒரு அமாவாசை மட்டும் ஆகட்டும்டா என்று சொல்லியிருப்பேன்.