துரைக்குள் இருந்த கறுப்பு

ஜனவரி 9

இன்று வேலியில் தொங்கினேன். எழுதவே வெட்கமாக இருக்கிறது. ஆனால் இந்த வீட்டில் இப்போது என் பேச்சைக் கேட்க இந்த நோட்டைத் தவிர ஆளில்லை.

காலையில் மூத்த ஆடு இரண்டு குட்டி போட்டாள். ஒன்று பால் வெள்ளை, இன்னொன்று அடுப்புக்கரி. அவளும் வெள்ளை, எங்கள் கிடாவும் வெள்ளை. அந்த நிறத்துக்காகத்தான் அவனுக்குத் துரை என்றே பெயர் வைத்தேன். அப்புறம் கறுப்பு எங்கிருந்து வந்தது? வேலிக்கு அந்தப் பக்கம் என் மனைவியின் அண்ணன் வீடு. அவர் கொட்டகையில் கரியன் என்று ஒரு கிடா இருக்கிறான். எனக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. நேரே போய், உங்கள் கிடா வேலி தாண்டி வந்திருக்கிறது என்றேன். மச்சான் வேலியை மேலும் கீழும் பார்த்தார். இதை எந்த ஆடும் தாண்டாது என்றார். தாண்டலாம் என்று காட்ட நானே ஏறினேன்.

கால்சட்டை கம்பியில் மாட்டிக்கொண்டது. மச்சான்தான் இடுப்பைப் பிடித்து இறக்கிவிட்டார். "கரியன் உன்னை விடக் கனம், மாப்ளே" என்றார்.

அதோடு சிரித்துவிட்டுத் திரும்பியிருக்கலாம். நான், "உங்க வீட்டுல எதையும் ஒழுங்காக் கட்டி வச்சு வளர்த்த பழக்கமே இல்ல" என்றேன். அந்த வீட்டில் வளர்ந்தவள் என் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தாள்.

ஜனவரி 10

இரண்டு வீட்டுக்கும் நடுவில் உள்ள வேலிக் கதவை மச்சான் கம்பி போட்டு முறுக்கிவிட்டார். மனைவி தேநீர் டம்ளரை மேசையில் வைத்த சத்தத்தில் பூனை எழுந்து ஓடியது.

ஜனவரி 17

மகள் விடுமுறைக்கு வந்தாள். கால்நடைக் கல்லூரியில் கடைசி வருஷம். வந்ததும் அம்மாவிடம் போகாமல் கரிக்குட்டியிடம் போனாள். பிறகு துணி உலர்த்தும் கொடியிலிருந்து கிளிப்புகளைப் பிடுங்கிவந்து என் முன்னால் உட்கார்ந்தாள். வெள்ளை கொஞ்சம், கறுப்பு கொஞ்சம்.

ஒவ்வொரு ஆட்டிடமும் நிறத்துக்கு இரண்டு கிளிப்பு உண்டாம். குட்டிக்கு ஆளுக்கு ஒன்று கொடுப்பார்களாம், அப்பன் ஒன்று, ஆத்தா ஒன்று. எது போகும் என்பது கையில் வந்தபடி. ஒரே ஒரு வெள்ளை இருந்தாலும் ஆடு வெள்ளையாகத்தான் தெரியும். கறுப்பு தெரிய வேண்டுமென்றால் இரண்டும் கறுப்பாக இருக்க வேண்டும்.

"மாமாவோட கரியனே வந்திருக்கட்டும்ப்பா. நம்ம மூத்தவகிட்ட ஒரு கறுப்பு இல்லாம இந்தக் குட்டி பிறந்திருக்காது."

எங்கள் பட்டியில் நான் கறுப்பையே பார்த்ததில்லையே என்றேன்.

"எப்படிப் பார்ப்பீங்க? ஜோடி சேர்ந்தாத்தானே தெரியும்."

துரையிடமும் ஒன்று ஒளிந்திருக்கலாம் என்கிறாள். கண்டுபிடிக்க வழி ஒன்றுதான்: அவனைக் கறுப்பு ஆடுகளோடு சேர்க்க வேண்டும். அவர்களிடம் கொடுக்கக் கறுப்பைத் தவிர வேறு கிடையாது, அதனால் துரை கொடுப்பது அப்படியே வெளியே தெரிந்துவிடும்.

இவள் பேசுவதைக் கேட்டிருந்தால் மச்சான் வழக்கம்போல, "எங்க வீட்டு மூளை" என்றிருப்பார். நான் ஒருநாளும் மறுத்ததில்லை. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு முறை கவிழ்ந்தவன் மூளையில் பங்கு கேட்டால் நன்றாகவா இருக்கும்?

கறுப்பு ஆடுகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் சிக்கல். முறுக்கிய கம்பிக்கு அந்தப் பக்கம்.

ஜனவரி 25

ஆடு வளர்ப்போர் சங்கத்துச் செயலாளர் வந்தார். துரையின் மகள்கள் எல்லாம் பால் நன்றாகக் கொடுக்கிறார்களாம். ஆகஸ்டிலிருந்து துரையைச் சங்கத்துக்கே பொதுக் கிடாவாக எடுக்கிறார்கள். ஒரே நிபந்தனை, பிறக்கும் குட்டிகளும் சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். நான் கரிக்குட்டியைத் தீவன மூட்டைக்குப் பின்னால் ஒளித்திருந்தேன். அது கத்தியபோதெல்லாம் இருமினேன். அவர் போன பிறகு, இரண்டு வாரத்தில் முதல் தடவையாக மனைவி என்னிடம் பேசினாள்.

"இருமலுக்கு மருந்து வாங்கிக்குங்க."

பிப்ரவரி 2

மச்சான் வீட்டுக்குப் போனேன். தெரு வழியாக, சுற்றிக்கொண்டு. கதவைத் திறந்தவர், "என்ன மாப்ளே, வழக்கமான வழி இல்லையா?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"அதாவது, என் ஆடுங்களை நான் தரணும். உன் துரை சுத்தம்னு நீ நிரூபிக்கணும். நிரூபிச்சிட்டா என் கரியன் குத்தவாளி. இதுக்கு நான் தீவனமும் போடணும்."

ஆமாம், கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். வேறு என்ன சொல்ல?

கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "தரேன். என் மருமக கேட்டதுக்காக. உனக்காக இல்ல."

பிப்ரவரி 20

மூன்று கறுப்பு ஆடுகளும் துரையோடு சேர்ந்தாயிற்று. கரியனைத் தெருக்கோடியில் வேறொரு கொட்டகைக்கு மாற்றிவிட்டார் மச்சான், பின்னால் யாரும் வேலி ஏறி விளக்கம் சொல்லக் கூடாது என்று. இனி ஐந்து மாதம்.

ஏப்ரல் 3

கரிக்குட்டி நான் போகிற இடமெல்லாம் வருகிறது. செயலாளர் தெருவில் எதிர்ப்பட்டால் என்ன செய்வது?

ஜூலை 14

மச்சானின் முதல் ஆடு ஈன்றது. இரண்டும் வெள்ளை! அவர் கொட்டகையில் நின்றபடியே மகளுக்குப் போன் போட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

"காசு சுண்டுறப்ப ரெண்டு தடவை தலை விழுந்தா, மறுபக்கம் பூவே இல்லன்னு ஆயிடுமாப்பா?" என்றாள். எத்தனை வெள்ளை பிறந்தாலும் சந்தேகம் குறையுமே தவிர முழுசாகப் போகாதாம். ஒரு கறுப்பு பிறந்தால் விஷயம் முடிந்தது.

ஜூலை 16

இரண்டாவது ஆட்டுக்கு ஒரே குட்டி. அதுவும் வெள்ளை.

மச்சான் கேலி செய்வதை நிறுத்திவிட்டார். போன வருஷம் கரியனை நான்தானே கட்டினேன், நல்லாத்தானே கட்டினேன் என்று தனக்குள் பேசிக்கொண்டே குட்டியைத் துடைத்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. மனைவியும் அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

ஜெயிக்கப் போகிறேன். ஜெயித்து? அந்தக் கம்பியை அப்புறம் யார் அவிழ்ப்பது?

கறுப்பு பிறக்கட்டும். கடவுளே, துரை சங்கத்துக்குப் போகாவிட்டாலும் போகட்டும்.

ஜூலை 19

கறுப்பு!

மூன்றாவது ஆடு மத்தியானம் முழுக்க முக்கினாள். கடைசியில் மச்சான் மண்டிபோட்டுக் கைகொடுத்து இழுத்தார். வந்தது ஈரக் கரித்துண்டு. அதைச் சாக்கில் சுற்றி என் கையில் திணித்தார்.

"பிடி. உன் துரையோட வாரிசு."

வரும் வழியில் பெரிய பேச்சாக யோசித்து வைத்திருந்தேன். வந்தது ஒரே வரிதான்.

"மச்சான், வேலி தாண்டினது நான் ஒருத்தன்தான்" என்றேன்.

அவர் சிரிக்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு ஆணிப்பெட்டியில் குறடைத் தேடி எடுத்துக்கொண்டு வேலிக் கதவுக்குப் போனார். கம்பி துருப்பிடித்திருந்தது. மனைவி அந்தப் பக்கத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். அவளிடமும் மன்னிப்புக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றாள். அவள் அகராதியில் அது சம்மதம்தான்.

ஜூலை 22

செயலாளரிடம் நானே போய்ச் சொன்னேன், கரிக்குட்டியையும் கூட்டிக்கொண்டு. துரை வேண்டாம் என்றார். வலித்தது. ஆனால் துரையின் வெள்ளை மகன்களில் உள்ளே கறுப்பு இல்லாதவன் ஒருவன் இருக்கலாம், இதே மாதிரி சோதித்துக் கொண்டுவாருங்கள், காத்திருக்கிறோம் என்றார். இனி வருஷா வருஷம் மச்சானின் ஆடுகள் வேண்டும். அவரிடம் சொன்னேன். தீவனம் இனி உன்னுடையது என்றார்.

"இருமல் எப்படி இருக்கு?" என்று செயலாளர் கேட்டதை வீட்டில் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11

மகளுக்கு மேல்படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. இனவிருத்திப் பாடம். செய்தி வந்தபோது நான் கொடியில் துணி போட்டுக்கொண்டிருந்தேன். திறந்த கதவு வழியாக மச்சான் ஓடிவந்தார், பின்னாலேயே இரண்டு கரிக்குட்டிகளும். மருமகளின் தலையில் கையை வைத்து ஆட்டி, "எங்க வீட்டு மூளை" என்றார். மனைவி பெருமையாகத் தலையசைத்தாள். மகள் மட்டும் ஏனோ என்னைப் பார்த்தாள்.

நான் சிரித்துக்கொண்டே அடுத்த துணியை உதறினேன். கையில் ஒரு கறுப்புக் கிளிப்பு இருந்தது.

ஜோடி சேர்ந்தால்தானே தெரியும், மச்சான்? ஒன்று இந்தப் பக்கத்திலிருந்தும் வந்திருக்க வேண்டுமே.